கவிதையும் கற்பூரமும்

சில நாட்களுக்கு முன் அடையாற்றில் நடந்த ஒரு கவியரங்கத்திற்கு நாம் போயிருந்தோம். தமிழினத்தின் பெருமையைப் பாட வந்த தோழர்கள், முதல் காரியமாகத் தமிழ்த்தாய் என்று ஒரு படத்தை வைத்து, மாலை சூட்டிக் கற்பூரம் கொளுத்தினார்கள். நாம் கும்பிடவில்லை. “ஐயா, உங்களுக்கு இன உணர்ச்சி இல்லையா?” என்று ஒரு தோழர் கேட்டார். அவருக்குத்தான் இப்பதில்.

தோழரே! நாம் நின்ற ஊர் எது? 1882 முதல் பிரம்மஞான சங்கம் தலைமை நிலையம் கொண்டிருக்கிற ஊர். ஆரியரை மனித குலத்தின் ஐந்தாவது மூல இனம் என்று போதித்த சங்கம் அது. அச்சங்கத்து ஆல்காட் துரை 1894-ல் பஞ்சமப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதன் தலைவி பெசன்ட் அம்மையார் 1916-ல் ஹோம்ரூல் கேட்டபோது, ‘ஆளப்போவது யார்?’ என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டிலேயே நீதிக்கட்சியும் பிறந்தது.

ஆரியமே உயர்வு என்றிருந்த காலத்தில் தமிழனை நிமிரச் செய்தது கவிதை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். 1891-ல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வந்தது. கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் சிறை சென்ற 1938-ல் பாரதிதாசன் கவிதைகளின் முதல் தொகுதி வந்தது. பாரதிதாசனும் தமிழைத் தாயென்று பாடியவர்தான். ஆனால் அவர் அதோடு நின்றாரா? கைம்பெண்ணின் துயரையும், ஜாதியின் கொடுமையையும் சேர்த்தல்லவா பாடினார்? அந்தப் பாதியை விட்டுவிட்டு, இந்தப் பாதிக்கு மட்டும் கற்பூரம் காட்டுவது என்ன நியாயம்?

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவிலுள்ள மெக்சிகர்களைப் பாருங்கள். 1848-ல் மெக்சிகோ போரில் தோற்றுப் பெருநிலத்தை இழந்தது. அங்கிருந்தவர்கள் சொந்த மண்ணிலேயே அந்நியரானார்கள். ‘சிகானோ’ என்ற இழிசொல்லையே அவர்கள் பிள்ளைகள் 1960-களில் மானப் பெயராக ஏற்றார்கள். 1967-ல் ரொடால்போ கொன்சாலஸ் ‘நான் ஹொவாகின்’ என்று நெடும்பாட்டுப் பாடினார். 1969-ல் டென்வர் மாநாட்டில் அஸ்ட்லான் என்ற புராண நாடே தங்கள் தாயகம் என்று அறிவித்தார்கள். பிறகு என்ன நடந்தது? அவ்வினத்துப் பெண்களே எழுந்து, இந்தப் பாட்டில் வீரனுக்கு இடமிருக்கிறது, எங்களுக்கு எங்கே என்று கேட்டார்கள். குளோரியா அன்சால்டூவா 1987-ல் வெளியிட்ட நூலில், வெள்ளையரின் கொடுமையோடு தம்மினத்து ஆண்களின் கொடுமையையும் சேர்த்தே கண்டித்தார். அதனால் அவர் இனத்துரோகியாகிவிட்டாரா?

நம் கதை என்ன? பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் வந்ததோ 1989-ல்! இந்த அறுபது வருஷமும் தமிழ்த்தாய்க்குப் பாட்டுக் குறைந்ததா? 1993-ல் காரைக்குடியில் அவளுக்குக் கோயிலும் திறந்தாயிற்று. பெற்ற தாய்க்குப் பங்கு கொடுக்க மனமில்லாதவன், படத்திலுள்ள தாய்க்குப் பாமாலை சூட்டுவதில் என்ன நஷ்டம்?

எனவே தோழர்களே, பாடுங்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாட்டில் எல்லோரும் தமிழர், கல்யாணப் பந்தலிலும் சுடுகாட்டிலும் மட்டும் வேறு வேறு ஜாதி என்றால், அது இன உணர்ச்சியல்ல, சுத்த ஏமாற்று. அடையாற்றுத் தோழரை நாம் கேட்பது ஒன்றே: அடுத்த அரங்கத்தில் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஜாதி மறுப்புத் திருமணத்தை நடத்துவீர்களா? நடத்துங்கள். முதல் ஆளாக வந்து நாமே பாடுகிறோம்.