அறிவிப்பாளர் ஓடுகிறாரா, துரத்தப்படுகிறாரா?

நூல் வெளியீட்டு விழாக்களில் இப்போது ஒரு பேச்சு வாடிக்கையாகிவிட்டது. மேடையேறுபவர் யாராயினும் தனியார் வானொலி அறிவிப்பாளர்களுக்கு இரண்டு குட்டு வைக்காமல் இறங்குவதில்லை. லகர ளகர பேதம் தெரியாது, 'ழ' வராது, ஆறு மாதம் ஓரிடத்தில் நில்லார், பணம் கண்ட இடத்துக்குத் தாவுவார் என்பனவே குற்றச்சாட்டுகள். சபையும் கைதட்டுகிறது. இந்தப் பிள்ளைகள் ஏன் நிற்பதில்லை என்று நம்மில் எவராவது விசாரித்ததுண்டா?

எஸ்.பி. மயில்வாகனத்தையும் பி.எச். அப்துல் ஹமீதையும் காட்டி இவர்களை அளப்பது நியாயமாகாது. அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சி வழியாக இலங்கை வானொலிக்குள் வந்தவர். அந்தத் தலைமுறை மூத்தவர்களின் பக்கத்தில் இருந்து, பிரதி வாசித்து, நாடகத்தில் நடித்து, திருத்தப்பட்டு வளர்ந்தது. அதற்கு ஆண்டுகள் வேண்டும். திருத்துபவரும் அங்கே நிலைத்திருக்க வேண்டும். 1998இல் சூரியனும் சக்தியும் வந்த பின்னர் தமிழ் அலைவரிசைகள் பெருகின; வாய்ப்புகளும் பெருகின. ஆனால் மூத்தவரே இரண்டு வருடத்தில் போய்விடும் நிலையத்தில் யார் யாருக்குக் கற்பிப்பது?

என்னிடம் படித்த இருவர் வானொலிக்குப் போனார்கள். நிலையங்களின் பெயர் இங்கு வேண்டாம். ஒருவருக்கு நியமனக் கடிதமே இல்லை. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு. அதில் அரைவாசி கொழும்பில் அறை வாடகைக்குப் போனது. நோன்பு காலத்து ஸஹர் நிகழ்ச்சி அவர் தலையில்; பெருநாளன்றும் கடமை. இன்று அவர் கட்டாரில் களஞ்சியக் காப்பாளர். மற்றவர் ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் ஊருக்கு வந்துவிட்டார். இவர்களையா தாவுகிறவர்கள் என்பது?

சட்டம் இல்லாமலில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரித்து. 'நீங்கள் ஊழியரல்லர், நிகழ்ச்சிக் கலைஞர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலாளிக்கு இத்தனையும் மிச்சம். ஐந்தாம் வருடத்துக்கு முன் ஊழியர் தானாகவே விலகினாலும் பணிக்கொடை மிச்சம். நிலையாமை சிலருக்கு இலாபமாகவும் இருக்கிறது என்பதை நமது மேடைகள் பேசுவதில்லை.

வாய்ப்புத் தேடி மாறுவது இளைஞர் இயல்புதானே என்பர். கூடிய சம்பளத்துக்கு இன்னொரு நிலையத்துக்குப் போவதில் பிழையில்லை. ஒலிபரப்பையே கைவிட்டுப் போகிறவர்களைப் பற்றியே நான் பேசுகிறேன்.

இதில் நட்டம் நமக்குத்தான். நம்மில் பலருடைய முதற் கவிதையும் முதல் உரைச்சித்திரமும் முஸ்லிம் சேவையில்தான் ஒலித்தன. எந்தக் கிராமத்தில் யார் எழுதுகிறார், யாருக்கு ஒரு கடிதம் போட்டால் நல்ல நாடகம் வரும் என்பதெல்லாம் ஒரு தயாரிப்பாளரின் நினைவில் இருப்பவை. அவர் போனால் அந்த நினைவும் போகும். வருகிறவர் புதிதாகத் தொடங்க வேண்டும். அக்குறணையையும் ஏறாவூரையும் சரியாக உச்சரித்து ஒரு ஜனாஸா அறிவித்தலை வாசிக்கவும் பழக்கம் வேண்டும். அது இரண்டு வாரப் பயிற்சியில் வருவதல்ல.

நமது கைகளும் சுத்தமில்லை. விழாவை நடத்தித்தர அறிவிப்பாளரை அழைத்து, பொன்னாடையொன்றைப் போர்த்திப் பஸ் காசும் கொடாமல் அனுப்புகிறோம். கலைக்குக் கூலி கேட்பது இழுக்கு என்று நாமே அவருக்குப் பாடம் நடத்துகிறோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்.

ஆகவே, வானொலி முதலாளிகளை விழாவுக்கு அதிதியாக அழைக்கும் அமைப்புகள், 'உங்கள் அறிவிப்பாளருக்கு நியமனக் கடிதம் உண்டா, சேமலாப நிதி உண்டா?' என்று மேடையிலேயே கேட்கட்டும். பதிலைக் கேட்டபின் லகர ளகரம் பேசலாம்.