பானையில் மான் ஓடினால் யாருக்கு நஷ்டம்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பியூப்லோ பழங்குடியினரின் ஊர்கள் 19 இருக்கின்றன. அதில் ஒன்று சாண்டா கிளாரா. அங்கே 1932-ல் பிறந்த ஜோசப் லோன்வுல்ஃப் என்ற குயவர், 1970களில் குட்டிக் குட்டிப் பானைகளில் மான், கரடி, மீன், பறவை என்று கூர்முனையால் கீறியே வரைந்து பெயர் வாங்கினார்.

இந்த வகைப் பானையைப் பார்த்ததும் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். "அழகுதான்... ஆனால் பாரம்பரியம் இல்லையே!"

எது பாரம்பரியம்? இன்று பாரம்பரியம் என்று எல்லோரும் கும்பிடும், கறுப்பின் மேலேயே கறுப்பில் வரைந்த பானையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரான சான் இல்டெபான்சோவில் மரியா, ஜூலியன் மார்டினெஸ் தம்பதி அந்தப் பாணியைக் கொண்டுவந்தது 1919 வாக்கில்தான். அதே மாநிலத்தின் தெற்கே மிம்ப்ரெஸ் மக்கள் கிண்ணங்களில் முயலும் மீனும் தீட்டியதோ சுமார் 1000 வருடங்களுக்கு முன்னால்! லோன்வுல்ஃப் அந்தக் கிண்ணங்களைப் பார்த்துக் கற்றவர். வயதுதான் அளவுகோல் என்றால் மிருகம்தான் பழசு, கறுப்புப் பானைதான் புதுசு.

"சரி, கீறுவது புதுசுதானே?" என்பார்கள். ஆமாம், புதுசு. அதற்கென்ன? மண்ணைத் தோண்டி எடுத்து, சலித்து, எரிமலைச் சாம்பல் கலந்து, சக்கரம் இல்லாமல் மண்திரியைச் சுற்றிச் சுற்றி எழுப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது வரை எல்லாம் அந்த ஊர்களின் பழைய வழி. சுடும்போது ஒரு விரிசல் விட்டால் அத்தனை உழைப்பும் போச்சு. கீறும்போது கை நழுவினால் அழிக்க ரப்பர் கிடையாது.

ஏமாற்று வேலையே இல்லையா? இருக்கிறது. அச்சில் வார்த்த பானையைக் கடையில் வாங்கி, மேலே ஒரு மானைக் கீறி, 'கையால் வனைந்தது' என்று விற்பது ஏமாற்று. அதைக் கேளுங்கள், நியாயம். பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று விற்பது இன்னொரு ஏமாற்று. அதற்கு 1990-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல்முறை பிடிபடும் தனிநபருக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. ஆனால் அந்தச் சட்டம்கூட 'செய்தது யார்?' என்றுதான் கேட்கிறது. 'ஏன் மானை வரைந்தாய்?' என்று கேட்கவில்லை.

வாங்குகிறவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செல்போனை மாற்றுவாராம். குயவர் மட்டும் பாட்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம். பாட்டிகளே நிற்கவில்லை ஐயா... நின்றிருந்தால் அந்தக் கறுப்புப் பானையே வந்திருக்காது!