“அய்யோ பாவம்” போதும். ஒரு கை கொடுங்கள்!

மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தம். காலை 8 மணி. எஸ்டேட்டுக்குப் போகிற கூட்டம் முண்டியடிக்கிறது. நடக்க முடியாத பத்து வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அங்கே வந்து நின்றால் என்ன நடக்கும்?

நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். “அய்யோ பாவம்!” என்பார்கள். “எந்த ஜென்மத்து வினையோ!” என்று ஒரு பெரியவர் தீர்ப்பே எழுதிவிடுவார். பஸ் வந்ததும் எல்லோரும் ஏறிவிடுவார்கள். தாயும் பிள்ளையும் கீழேயே நிற்பார்கள்!

இந்தப் ‘பாவ’த்தால் யாருக்கு என்ன லாபம்? ஏற்கெனவே நொந்த மனசு இன்னும் நோகும். அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தத் தாய்மார்களுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? அதே பாதையில் நடந்த இன்னொரு தாயிடமிருந்து!

பம்பாயில் ஒரு தாய்

மித்து ஆலூரின் மகள் மாலினிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கை, கால், பேச்சு கட்டுக்குள் வராது. புத்தியோ படு தெளிவு! மகளுக்காக ஓடிய அந்தத் தாய், மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து 1972-ல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார்.

மாலினி லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார். ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டித் தட்டியே தன் கதையை எழுதினார். 2010-ல் அது புத்தகமாக வந்தது.

சென்னையிலும் உண்டு

பூனம் நடராஜனின் மகனுக்கும் மூளை முடக்குவாதம்தான். 1985-ல் மூன்றே குழந்தைகளோடு அவர் ஆரம்பித்ததுதான் இன்றைய கோட்டூர்புரம் வித்யாசாகர். அங்கே பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் பயிற்சி உண்டு.

அதில்தான் விஷயமே இருக்கிறது. எப்படி ஊட்டுவது, எப்படி உட்கார வைப்பது, ராத்திரி தூங்காத பிள்ளையை எப்படிச் சமாளிப்பது – டாக்டர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அதைத் தினமும் செய்து பழகிய இன்னொரு அம்மா, “நானும் அழுதேன். அப்புறம் இப்படிச் செஞ்சேன், சரியாச்சு” என்று சொன்னால்தான் மனசில் ஏறும்.

சலுகை அல்ல, உரிமை!

இன்னொரு தெம்பும் இருக்கிறது. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. “இங்கே எடம் இல்லம்மா” என்று கையை விரிக்க முடியாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் வேண்டாம் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாத உதவித்தொகை 2023-ல் 2,000 ரூபாயானது.

இத்தனை இருந்தும், எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கும் குடும்பங்கள் எத்தனையோ! வார்டு கவுன்சிலரும் பள்ளித் தலைமையாசிரியரும் மனசு வைத்தால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைத் திறந்துவிடலாம். பெற்றோர் ஒன்றுகூடிப் பேச அது போதும். காசு பணம் செலவில்லை.

அக்கம்பக்கத்தாருக்கும் வேலை உண்டு. அந்த அம்மா ரேஷன் கடைக்குப் போய்வர அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மண்ணூர்பேட்டைக்காரர்கள் செய்வார்களா?