மைதானமும் நமது உரிமையே

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு விளையாட்டு எதற்கு?" தோட்டத்தில் மைதானம் கேட்கும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் பதில் இது. நம்மவர்களிலும் சிலர் இப்படித்தான் கேட்கிறார்கள்.

உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. மலையில் கொழுந்து பறிக்கும் உடம்பு நாள் முழுவதும் ஒரே அசைவையே செய்கிறது. முதுகும் தோளும் முழங்காலும் தேய்கின்றன. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது கிலோக் கணக்கு. மாலையில் கரப்பந்து வலை கட்டியதும் அதே உடம்பு தன் விருப்பத்துக்கு ஓடுகிறது, துள்ளுகிறது. மனப்பாரம் குறைகிறது, இரவில் நல்ல தூக்கம் வருகிறது.

பிள்ளைகளைப் பாருங்கள். 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லயத்து வாசலிலும் வாகனம் ஓடும் பாதையிலும் அந்த 60 நிமிடத்தை எப்படித் தேடுவது?

விளையாட்டைப் பார்ப்பதிலும் பலன் உண்டு. 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, தொலைக்காட்சி இருந்த வீட்டில் அயலவர்கள் எல்லோரும் கூடியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அணியில் ஆடிய முத்தையா முரளிதரன், தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன். 2010இல் காலியில் அவர் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியபோது மலையகமே நிமிர்ந்து நின்றது. சேர்ந்து மகிழ்வது தனிமைக்கு மருந்து. ஆனால் அந்த மகிழ்ச்சி பந்தயக் காசிலும் போத்தலிலும் முடிந்தால், இழப்பு நம் குடும்பத்துக்கே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைதானம் உள்ள தோட்டங்களிலும் அதில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்பும் தண்ணீரும் துணியும் காத்திருக்கின்றன. வீட்டு வேலையை ஆண்கள் பகிராமல் நம் சகோதரிகளுக்கு விளையாட்டு நேரம் கிடைக்காது. அவர்களுக்கும் வலைப்பந்து ஆட ஆசை உண்டு.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் தோட்டத்தில் மைதானம் இருக்கிறதா, அதன் எல்லை எதுவரை, அது இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இல்லாத இடத்தில் கேட்போம், பறிபோகும் இடத்தில் காப்போம். சம்பளம், வீடு, காணி என்று நாம் பேசும் மேசையில் மைதானத்துக்கும் ஓர் இடம் வேண்டும். உழைப்பதற்கு மட்டும் பிறந்தவர்கள் அல்ல நாம்.