தவறி இடித்தாலும் கடன் கடனே

 

2015 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கு அருகிலுள்ள ரவுலட் என்னும் ஊரைக் கடுஞ்சூறாவளி தாக்கிற்று. சேதமுற்ற வீடுகளுள் இரு குடும்பங்களுக்குரிய ஓர் இரட்டை வீடும் ஒன்று. அதைச் செப்பனிட்டு மீண்டும் குடியேற அதன் உரிமையாளர்கள் எண்ணியிருந்தனர். 2016 மார்ச் மாதத்தில் ஒருநாள் இடிப்பு ஒப்பந்ததாரரின் ஆட்கள் இயந்திரத்துடன் வந்து அதைத் தரைமட்டமாக்கினர். அவர்கள் இடிக்க வேண்டிய வீடோ அருகிலுள்ள வேறொரு தெருவில் இருந்தது. இரண்டு வீடுகளுக்கும் கதவு எண் ஒன்றே. தெருவின் பெயர் மட்டுமே வேறு. கூகுள் வரைபடம் தங்களைத் தவறான இடத்திற்கு இட்டுச் சென்றது என்பதே இடித்தவர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம்.

இச்செய்தியை மத்ரஸா வகுப்பில் நாம் எடுத்துரைத்தபோது மாணவர்கள் சிரித்தனர். அவர்களுள் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், செயல்களுக்கு நிய்யத்துதானே அடிப்படை என்று படித்தோம்? இவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லையே, பிறகு இவர்கள்மீது என்ன குற்றம்?” என்று வினவினார். அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். ஏனெனில் அது அம்மாணவர் ஒருவருடைய வினா மட்டுமன்று. பிறருக்கு இழப்பை உண்டாக்கிவிட்டு, “வேண்டுமென்றா செய்தேன்?” என்று கைகழுவும் பழக்கம் நம்மில் பலரிடமும் ஊறிக் கிடக்கின்றது. அதற்கு மார்க்கத்தையே துணைக்கு அழைப்பதுதான் வேதனை.

தெளிவாகச் சொல்கிறோம்: தவறுதல் பாவத்தை நீக்கும்; கடனை நீக்காது.

மறதியாலும் பிழையாலும் நேர்ந்தவற்றை அல்லாஹ் மன்னிக்கின்றான் என்பது உண்மை. அம்மன்னிப்பு அவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டது. வீட்டை இழந்தவரின் உரிமையோ ஹக்குல் இபாத். அதை அவர் பெற வேண்டும், அல்லது அவரே விட்டுக்கொடுக்க வேண்டும். தவறுதலாக ஓர் உயிரைப் பறித்தவர்மீதும் இழப்பீட்டையும் பரிகாரத்தையும் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கின்றது. எண்ணமின்றிப் போன உயிருக்கே விலை உண்டெனில், எண்ணமின்றி இடிந்த வீட்டுக்கு விலை இல்லாமற் போகுமா?

உஸ்மானியப் பேரரசின் காலத்தில் ஹனஃபி ஃபிக்ஹிலிருந்து தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டநூலின் 92ஆம் விதி இதனைச் சுருங்கச் சொல்கின்றது: ஒரு செயலை நேரடியாகச் செய்தவர், வேண்டுமென்று செய்யாவிடினும் அதன் இழப்புக்குப் பொறுப்பாளி. இதற்கு முந்தைய 90ஆம் விதியோ, நேரடியாகச் செய்தவரும் காரணமாக அமைந்தவரும் ஒருங்கே இருந்தால் தீர்ப்பு நேரடியாகச் செய்தவரையே சாரும் என்கின்றது. ஆகவே வரைபடத்தின்மீது பழிபோடுவதற்கு வழியில்லை. வரைபடம் இயந்திரத்தை ஓட்டவில்லை, சுவரை மோதவில்லை. அமெரிக்கா பின்பற்றும் பொதுச்சட்ட மரபிலும், பிறர் நிலத்தைத் தன்னுடைய இடமென்றோ தனக்கு அனுமதியுள்ள இடமென்றோ தவறாக எண்ணி நுழைந்தேன் என்பது அத்துமீறலுக்குரிய பொறுப்பிலிருந்து விடுவிக்கும் காரணமன்று.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அநீதிகளைப் பற்றிய பாடத்தில், பிறர் சுவரை இடித்தவர் அதுபோன்ற ஒன்றைக் கட்டித்தர வேண்டும் என்ற கருத்தில் தனித் தலைப்பே இட்டுள்ளார்கள். அதன்கீழ் அவர்கள் தருவது ஜுரைஜ் என்னும் வணக்கசாலியின் வரலாறு. ஒரு பெண் அவர்மீது சுமத்திய பொய்ப் பழியை மக்கள் விசாரிக்காமல் நம்பினர். அவரை ஏசினர், அவருடைய ஆசிரமத்தை இடித்தனர். பச்சிளங் குழந்தை பேசி உண்மை வெளிப்பட்டதும் வெட்கி, பொன்னாலேயே கட்டித் தருகின்றோம் என்றனர். அவரோ மறுத்து, முன்பிருந்தபடி களிமண்ணாலேயே கட்டித் தாருங்கள் என்றார்.

இதில் இரு பாடங்கள் உள்ளன. இடித்தவர்கள், “ஏமாற்றப்பட்டோம், நாங்கள் என்ன செய்வோம்?” என்று கலைந்து போய்விடவில்லை, கட்டித்தரும் கடமையை ஏற்றார்கள். பாதிக்கப்பட்டவரும் இழப்பை ஆதாயமாக்க முனையவில்லை. இருந்தது எதுவோ அதுவே நீதி.

அதற்கும் ஒரு படி மேலான முன்மாதிரியை நபி (ஸல்) அவர்களிடம் காண்கிறோம். காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் படை, பனூ ஜதீமா கூட்டத்தார் சொன்னதைப் பிழையாகப் புரிந்துகொண்டு அவர்களுள் சிலரைக் கொன்றது. செய்தி எட்டியதும் நபியவர்கள் கைகளை உயர்த்தி, அச்செயலுக்குத் தாம் பொறுப்பல்லர் என அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அத்துடன் நின்றுவிடவில்லை. அலீ (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்து அனுப்பினார்கள். உயிர்களுக்கும் உடைமைகளுக்கும், நாய் நீரருந்தும் பாத்திரத்திற்கும்கூட ஈடு கொடுத்த பின், கணக்கில் விடுபட்டது ஏதேனும் இருக்கலாம் என்று எஞ்சிய தொகையையும் அலீ (ரலி) அவர்கள் அம்மக்களிடமே ஒப்படைத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. “காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிக்கொள்ளுங்கள்” என்பது எங்கே, இந்த நபிவழி எங்கே!

2023இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலும் இத்தகைய நிகழ்வு நடந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு குடும்ப வீட்டை, அதன் உரிமையாளர் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்த வேளையில் இடித்துவிட்டனர். அண்டை வீட்டார் தட்டிக்கேட்டபோது, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவரை அதட்டினர். பின்னர் உறவினர் ஒருவர் சென்று அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னார். அதை எடுத்துப் பார்த்த பிறகே, தவறான முகவரிக்கு வந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டனர்.

சிந்தியுங்கள், சகோதரர்களே! சீட்டு அவர்கள் கையிலேயே இருந்தது. எடுத்துப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததோடு, கேள்வி கேட்டவரையும் விரட்டினர். இதைத் தவறுதல் என்று எப்படிச் சொல்வது? தெரியாமல் நிகழ்வது தவறுதல். தெரிந்துகொள்ள மறுப்பது அலட்சியம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்தாதீர்கள் என்ற கருத்தை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் போதிக்கின்றது. கட்டுபவனுக்குப் பிழையைத் திருத்த நாட்கள் உண்டு. இடிப்பவனுக்கு அந்த அவகாசம் இல்லை. எனவே இடிப்பவனே இருமடங்கு விசாரிக்கக் கடமைப்பட்டவன்.

சிரித்த மாணவர்களிடம் நாம் இறுதியாகக் கேட்டது இதுதான்: மாலையில் நீங்கள் ஊர் திரும்பும்போது உங்கள் வீடு இருந்த இடத்தில் செங்கற்குவியல் கிடந்து, அருகில் ஒருவர் நின்று, “என் நிய்யத் நல்லது” என்றால் உங்களுக்குப் போதுமா? வகுப்பு அமைதியாயிற்று. வினவிய மாணவர், “போதாது, ஹஜ்ரத்” என்றார்.

போதாதுதான். நம் கையால் பிறருக்கு ஒரு பாத்திரம் உடைந்தாலும், ஒரு மதில் சரிந்தாலும், முதலில் ஈடு செய்வோம்; பிறகு மன்னிப்புக் கேட்போம்; அதன் பின்னரே நிய்யத்தைப் பற்றிப் பேசுவோம். பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்கும் இழிநிலையிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.