மின்பியானோவில் ஒலித்த சாம்பா

1967ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள், பிரேசில் நாட்டின் சாவோ பாலோ மாநகரத் தெருக்களில் விந்தையானதோர் ஊர்வலம் சென்றது. மின்கிதார் என்னும் இசைக்கருவியை எதிர்த்து நடத்தப்பெற்ற ஊர்வலம் அது. முன்னணியில் நடந்தவர் அந்நாட்டின் புகழ்மிக்க பாடகி எலிஸ் ரெஜினா. ஜில்பெர்ட்டோ ஜில், எதூ லோபோ முதலிய இசைவாணர் உடன் சென்றனர். கயேத்தானோ வெலோசோவும் நாரா லியாவோவும் ஒரு விடுதியின் சாளரத்தில் நின்று, மனம் ஒப்பாதவராய் அதனைப் பார்த்திருந்தனர். மூன்று திங்கள் சென்றன. அதே ஆண்டு அக்டோபரில், தொலைக்காட்சி நிறுவனமொன்றின் இசைப்போட்டி மேடையில், மின்கிதார் இசைக்கும் இளைஞர் குழுவுடன் தோன்றி இரண்டாம் பரிசு பெற்றார் ஜில். ஊர்வலத்திற்குத் தலைமை தாங்கிய எலிஸ் ரெஜினாவோ, ஏழாண்டு கழிவதற்குள் மின்பியானோவும் மின்கிதாரும் உடன் ஒலிக்கப் பாடிய இசைத்தட்டினால் உலகப் புகழ் எய்தினார்.

இதனை எடுத்துரைத்து அவர்களை நகையாடுவது எம் நோக்கமன்று. பிரேசிலில் 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதற்கு வட அமெரிக்க அரசின் ஆதரவு இருந்தது. தொலைக்காட்சியில் ராக் இசையின் சாயல் கொண்ட பாடல்கள் நாளும் பெருகின. தம் மண்ணின் இசை ஓரத்திற்குத் தள்ளப்பட்டுவிடுமோ என்று கலைஞர் கலங்கியதில் வியப்பில்லை. அவ்வூர்வலம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரமாகவும் பயன்பட்டது என்பர். அஃது உண்மையே, எனினும் கலக்கம் பொய்யன்று. பழியைக் கருவியின்மேல் ஏற்றியதுதான் பிழை என்பது எம் துணிபு. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டுக் கலைஞர்கள் மற்றுமோர் அயல்நாட்டு மின்கருவியைத் தமதாக்கிக் கொண்ட வரலாறு இதற்குச் சான்றாக நிற்கின்றது. அக்கருவியே மின்பியானோ.

மின்பியானோ என்று நாம் இவண் வழங்குவது, இன்று திருமண மண்டபங்களில் காணப்பெறும் மின்னணுக் கீபோர்டினை அன்று. அதனுள்ளே சுத்தியல்கள் உண்டு. விசையை அழுத்தியவுடன் ரப்பர் நுனி பொருத்திய சிறு சுத்தியல் எழுந்து மெல்லிய எஃகுக் கம்பியொன்றைத் தட்டும். அவ்வதிர்வை அருகிலுள்ள காந்தச்சுருள் மின்னலையாக மாற்றும். ஒலிபெருக்கி அதனை வெளிப்படுத்தும். மெல்லத் தொட்டால் மணியோசை. ஓங்கி அடித்தால் உறுமல். இதனை ஆக்கியவர் அமெரிக்கரான ஹரால்ட் ரோட்ஸ் (1910–2000). இரண்டாம் உலகப்போரில் காயமுற்று மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த வீரர்கள் மடியில் வைத்து வாசித்து மனம் தேற வேண்டும் என்பதற்காக, குண்டுவீச்சு விமானத்தின் கழிபொருளான அலுமினியக் குழாய்களைக் கொண்டு சிறு பியானோ ஒன்றை அவர் செய்தார். அழிவுப் பொறியின் எச்சத்திலிருந்து ஆறுதல் பிறந்த அச்செய்தி தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. அம்முயற்சியின் வழிவந்த 73 விசை கொண்ட முழுக்கருவி 1965இல் விற்பனைக்கு வந்தது. வுர்லிட்சர் என்னும் நிறுவனம் கம்பிக்கு மாற்றாக எஃகு நாக்குகளைத் தட்டும் வேறொரு மின்பியானோவை அதற்கு முன்னரே செய்துவந்தது.

இத்தகைய கருவி பிரேசிலுக்கு அயலது என்பதில் ஐயமில்லை. ஆனால் அயலதல்லாத கருவி எது? கிதாரும் பியானோவும் ஐரோப்பியர் வழி வந்தன. குயீக்கா முதலிய தாளக்கருவிகள், அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நினைவிலிருந்து எழுந்தன. அக்கொடுமை அங்கே 1888இல்தான் சட்டப்படி ஒழிந்தது. சாம்பாக் குழுக்களில் விரலால் தட்டி வாசிக்கும் பாந்தெய்ரு என்னும் வட்டத்தோற்கருவி போர்த்துகல் வழி வந்தது. அதன் உறவினதாகிய சதுரப் பறையைப் போர்த்துகீசியர் ‘அதூஃபே’ என்பர். நம் பக்கீர்களின் கைகளில் நாம் கண்டு பழகிய ‘தஃப்’ என்னும் அரபுச் சொல்லே அங்கு அவ்வாறு மருவி நிற்கின்றது. ஆகவே, மின்கருவி நுழைந்ததனால் தூய்மை கெட்டது என்போர், அத்தூய்மை எந்த நூற்றாண்டில் இருந்தது என்பதைக் காட்டக் கடமைப்பட்டவர் ஆவர்.

இனி, கருவி தமதாவது எங்ஙனம் என்பதை நோக்குவோம். சாம்பாவின் தாளம் இரண்டு அடிகளால் ஆனது. சுர்து என்னும் பெருமுழவு இரண்டாம் அடியிலேயே கனத்து விழும். அதன்மீது தம்போரிம் என்னும் கையகலச் சிறுபறை, அடிகள் விழும் இடத்தை ஒட்டியும் விலகியும், எதிர்பாராத இடைவெளிகளில் தெறித்துக்கொண்டே செல்லும். அத்தெறிப்பே சாம்பாவின் உயிர்நாடி. 1958இல் ஜோவாவோ ஜில்பெர்ட்டோ தம் வலக்கை விரல்களால் அத்தெறிப்பைக் கிதாரின் நரம்புகளில் அடக்கிக் காட்டியபோது போசா நோவா என்னும் புதுநெறி உலகறிய எழுந்தது. பியானோக் கலைஞர்களும் அதனைப் பின்பற்றினர். எனினும் சாதாரணப் பியானோவில் அடர்ந்த சுரக்கூட்டுகளைத் தாளத்தோடு தட்டினால் ஓசை விரைவில் முரட்டுத்தனம் எய்தும். மின்பியானோவிலோ அக்கூட்டுகள் ஒன்றோடொன்று இழைந்து மென்மையாக மிதக்கும்; தட்டும்போது எழும் ஓசையின் முனை மட்டும் பறைபோல் கூர்மையாக இருக்கும். மென்மையும் தெறிப்பும் ஒருங்கே வேண்டிய இசைக்கு இதனினும் பொருந்திய கருவி வாய்த்தல் அரிது.

இதனை முற்பட உணர்ந்தவருள் ஒருவர் ஜோவாவோ தொனாத்தோ. அமேசான் பகுதியின் ஆக்ரி நிலத்தில் ரியோ பிராங்கோ நகரில் 1934இல் பிறந்து, சிறுவனாக அக்கார்டியன் வாசித்துத் தொடங்கியவர் அவர். அமெரிக்காவில் வாழ்ந்தபோது 1970இல் வெளியிட்ட ‘எ பேட் தொனாத்தோ’ என்னும் தட்டில் மின்விசைக் கருவிகளைக் கொண்டு ஃபங்க் இசையைச் சாம்பாவோடு பிசைந்தார். அது முரட்டுத் தட்டு, எல்லார்க்கும் உவப்பதன்று. தாயகம் மீண்டு 1973இல் அளித்த ‘கேம் எ கேம்’ என்னும் தட்டிலோ அவர் கலை கனிந்து நிற்கின்றது. மூன்று நான்கு சுரங்களாலான சிறு தொடர். பின்னர் ஒரு மௌனம். மீண்டும் அதே தொடர், ஆனால் இம்முறை தாளத்தில் இம்மியளவு தள்ளி. குழந்தையின் விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வெளிமையைப் போலி செய்ய முயன்றோர் பலர், எய்தியோர் சிலரே. 2023இல் அவர் மறைந்தார்.

மேலே சுட்டிய எலிஸ் ரெஜினாவின் தட்டு ‘எலிஸ் எ டாம்’ என்பதாகும். போசா நோவாவின் பேராசான் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமும் எலிஸும் இணைந்து 1974இன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இதனைப் பதிவு செய்தனர். இசையமைப்பும் மின்பியானோவும் எலிஸின் கணவராக அப்போது விளங்கிய சேசர் கமார்கோ மரியானோவின் பொறுப்பு. மின்கருவிகள் இடம்பெறுவதை ஜோபிம் விரும்பவில்லை. பதிவுக்கூடத்தில் முணுமுணுப்பும் மனக்கசப்பும் மிகுந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. இதில் நகைமுரண் யாதெனில், ‘ஸ்டோன் ஃபிளவர்’ என்னும் தம் சொந்தத் தட்டில் 1970இலேயே ஜோபிம் மின்பியானோ வாசித்திருந்தார்! ஆகவே அவர் மறுத்தது கருவியையா, தம் பாடல்களை வேறொரு இளைஞர் ஆளுவதையா என்னும் வினா எழுகின்றது. பின்னதே என்பது எம் எண்ணம். முதியோர்க்கும் இளையோர்க்கும் இடையே நிகழும் பூசல்களில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பொருள்மீது பழி விழும். உள்ளே கிடப்பது உரிமைப் போட்டியாக இருக்கும். ஆயினும் இருவரும் கூடத்தை விட்டு வெளியேறவில்லை. அத்தட்டைக் கேட்பவர், ஜோபிமின் பழைய பியானோவும் மரியானோவின் மின்பியானோவும் ஒன்றற்கொன்று வழிவிட்டுச் செல்வதை நன்கு உணரலாம். பிரேசில் இசையின் தலைசிறந்த தட்டுகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகின்றது.

வணிக வெற்றியை அளவுகோலாகக் கொண்டால் யூமிர் தியோதாத்தோவை முதலில் கூறியிருத்தல் வேண்டும். ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896இல் இயற்றிய பல்லிய இசையின் தொடக்கப் பகுதியை மின்பியானோவுக்கும் ஃபங்க் தாளத்துக்கும் ஏற்ப மாற்றி அவர் வெளியிட்டது 1973இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. கிராமி விருதும் பெற்றது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் தாளக்கருவிகளை வாசித்த அயிர்த்தோ மொரெய்ராவின் கைகளை நீக்கிவிட்டால் அதில் பிரேசில் எவ்வளவு எஞ்சும் என்பது ஐயத்திற்குரியது. பிறந்த நாடு ஒன்றே ஒருவர் இசைக்கு முகவரி ஆகிவிடாது.

ரியோ டி ஜெனிரோவின் இரவு விடுதிகளிலும் பதிவுக்கூடங்களிலும் பிறர்க்கு வாசித்து வயிறு வளர்த்த மூவர் தம் இசைக்கென அமைத்த குழு ‘அசிமுத்’. மின்பியானோ உள்ளிட்ட விசைக்கருவிகள் ஜோசே ராபர்ட்டோ பெர்த்ராமி. மின்பாஸ் கிதார் அலெக்ஸ் மல்யெய்ரோஸ். முழவு இவான் கொன்ட்டி. மார்க்கோஸ் வாலி 1973இல் வெளியிட்ட ‘பிரெவிசாவோ தோ தெம்போ’ என்னும் தட்டில் இவர்தம் வாசிப்பு உண்டு. ‘வானிலை அறிவிப்பு’ என்பது அத்தலைப்பின் பொருள். உறையில் பாடகரின் முகம் நீரில் மூழ்கிக் கிடக்கும். தணிக்கை கடுமையாக இருந்த அவ்வாண்டுகளில் அப்படத்திற்கு உரை எழுதவேண்டிய தேவை எவர்க்கும் இருந்திராது. அசிமுத் குழுவினர் தம் இசையைப் ‘பைத்தியச் சாம்பா’ என்னும் பொருள்படத் தாமே பெயரிட்டழைத்தனர். பெர்த்ராமியின் மின்பியானோ அதில் மேகம்போல் பரவும். கீழே கொன்ட்டியின் முழவு சாம்பாவைச் சிறிதும் விட்டுக்கொடாது. 1979இல் வெளிவந்த இவர்தம் தட்டிற்குப் பெயர் தந்த ‘லைட் அஸ் எ ஃபெதர்’ என்னும் பாடல், அமெரிக்கரான சிக் கொரியா தம் மின்பியானோவோடும் பிரேசிலியரான ஃபுளோரா பூரிம், அயிர்த்தோ ஆகியோரோடும் 1972இல் பதிவு செய்தது. அமெரிக்கக் கருவி, பிரேசில் குரல், பின்னர் மீண்டும் பிரேசிலின் கைகள்: எவர் எவரிடம் கடன்பட்டார் என்று கணக்கெழுதப் புகுந்தால் ஏடு போதாது. அத்தட்டிலுள்ள ‘ஜாஸ் கார்னிவல்’ 1980இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபதனுள் நுழைந்தது. பெர்த்ராமி 2012இலும் கொன்ட்டி 2023இலும் காலமாயினர்.

இக்கட்டுரையில் நாம் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது ‘பண்டா பிளாக் ரியோ’ என்னும் குழுவைப் பற்றியாகும். 1970களில் ரியோவின் வடபகுதிப் புறநகர்களில் கறுப்பின இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அமெரிக்க சோல், ஃபங்க் இசைக்கு ஆடினர். ஆட்சியாளர் இதனை ஐயத்தோடு கண்காணித்தனர். மறுபுறம், சாம்பாவைக் காக்கப் புறப்பட்டோரும் இவ்விளைஞர்களை இரவல் பெருமை பேசுவோர் என ஏசினர். தம் முன்னோர் அடிமைக் கொட்டடியில் உருவாக்கிய சாம்பாவின் பெயராலேயே அவ்விளைஞர்கள் கடிந்துரைக்கப்பட்டமை எண்ணத்தக்கது. சாக்சபோன் கலைஞர் ஒபெர்தான் மகல்யாயிஸ் 1976இல் கூட்டிய இக்குழு, வாதத்தால் அன்றி வாசிப்பால் விடை கூறிற்று. ஃபங்க் இசையில் கனம் முதலடியில் விழும். சாம்பாவில் இரண்டாமடியில் விழும். இரண்டையும் ஒருங்கு வைத்தால் தாளம் இடறுதல் இயல்பு. 1977இல் வெளிவந்த ‘மரியா ஃபுமாசா’ என்னும் தட்டில் அவ்விடறல் இல்லை. பாஸ் கிதார் முதலடியைப் பற்ற, தோற்கருவிகள் இரண்டாமடியைத் தாங்க, கிறிஸ்தோவாவோ பாஸ்தோசின் மின்பியானோ இடையே தம்போரிமின் தெறிப்பைத் தூவி இரண்டையும் பிணைக்கின்றது. பழம்பெரும் ஆரி பரோசோ, லூயிஸ் கொன்சாகா ஆகியோரின் மெட்டுகளும் அத்தட்டில் புத்துருப் பெற்றன. மின்கிதாரை எதிர்த்து நடந்த எதூ லோபோவின் ‘காசா ஃபோர்த்தே’யும் அவற்றுள் ஒன்று.

அங்ஙனமாயின் அயலிலிருந்து வரும் எதனையும் வரவேற்கலாம் என்பதா எம் கொள்கை எனின், அன்று. 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 என்னும் மின்னணுக் கருவி வந்தது. மின்பியானோவைப் போன்ற ஓசையை அது ஒரு பொத்தானில் அடைத்துத் தந்தது. எடையும் குறைவு. ஏறத்தாழ அறுபது கிலோ எடையுள்ள ரோட்ஸ் கருவியைச் சுமந்து களைத்தவர்கள் மகிழ்ந்தனர். 1980களின் நடுவில் ரோட்ஸ் கருவியின் உற்பத்தியும் நின்றது. பின்னர் வந்த பாடல்கள் பலவற்றில் ரியோவின் ஓசை எது, லாஸ் ஏஞ்சலசின் ஓசை எது என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. விரலின் அழுத்தத்திற்கேற்ப உறுமவும் குழையவும் வல்ல எஃகுக் கம்பியை வசப்படுத்த ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டியிருந்தது. பொத்தான் அவ்வுழைப்பைக் கோரவில்லை. 1967இல் ஊர்வலம் சென்றோர் அஞ்சிய இழப்பு இங்கேதான் நேர்ந்தது. அப்போது எதிர்த்து ஊர்வலம் செல்ல எவரும் முன்வரவில்லை.

இவ்விசையைப் புதிதாகக் கேட்கப் புகும் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். ‘எலிஸ் எ டாம்’ தட்டிலிருந்து தொடங்கித் தொனாத்தோவுக்குச் செல்க, பின்னர் அசிமுத், கடைசியில் பண்டா பிளாக் ரியோ. முதன்முறை பாடலின் இனிமையை நுகர்ந்துவிட்டு, இரண்டாம் முறை பெருமுழவின் இரண்டாமடியை மேசைமீது ஒரு கையால் தட்டிக்கொண்டே, மின்பியானோவின் சுரக்கூட்டுகள் விழும் இடங்களை மறுகையால் தட்ட முயல்க. முதல் வாரத்தில் இரு கைகளும் ஒன்றாகவே விழும்.