நலவாழ்வுப் பகுதி: மெலிவையும் அளந்து பார்க்க வேண்டும்

நம் நகரத்தில் 1973-ஆம் ஆண்டு தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவினர் சிகிச்சைக்கு வருங்கால், நம் அன்பர் பலர் வீட்டிலேயே தங்குகின்றனர். அம்மருத்துவமனை எவர் பெயரைத் தாங்கியுள்ளதோ, அந்த ரஃபி அகமது கித்வாய், 1954-இல் மறைந்தபோது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர். நோயாளியின் உணவைப் பற்றி எழுதப் புகுந்த நமக்கு இப்பொருத்தம் வியப்பளிக்கிறது.

நோயாளி மெலிந்தால், “இந்நோய்க்கு அது இயல்புதானே” என்று வாளா இருந்துவிடுகிறோம். ஆறு திங்களில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் தானே குறைந்தால், அதனைத் தனியொரு கேடாகக் கொள்ள வேண்டுமெனப் பன்னாட்டு வல்லுநர்கள் 2011-இல் வரையறுத்தனர். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது மூன்றே கிலோ! கண்ணுக்குப் புலப்படுமுன் எடைக்கருவி சொல்லிவிடும். நோயினால் எழும் அழற்சி தசையைக் கரைப்பதால், ஓரளவு உண்பவரும் மெலியக்கூடும். தசை குன்றியவரை மருந்தின் கடுமை மிகுதியாக வாட்டும். சிகிச்சையை இடையில் நிறுத்த நேர்வதும் உண்டு.

ஆயினும் எடை ஒன்றையே நம்புதல் கூடாது. கால்வீக்கமும் வயிற்றில் தேங்கும் நீரும் எடையைக் கூட்டிக் காட்டும். பருத்த உடலில் தசையிழப்பு மறைந்து கிடக்கும். 1987-இல் கனடாவின் டொரன்டோ நகரத்து மருத்துவர்கள் டெட்ஸ்கி, ஜீஜீபாய் முதலியோர் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். இவருள் ஜீஜீபாய் நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். எடை எவ்வளவு குறைந்தது, உணவு எவ்வளவு செல்கிறது, வாந்தி பேதி உண்டா, நடமாட்டம் எப்படி என்று வினவி, தோளையும் தொடையையும் தொட்டுப் பார்த்து ஊட்ட நிலையை முடிவு செய்வர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. பின்னர் இம்முறை புற்றுநோயாளருக்கென்றே விரிவாக்கப்பட்டது.

பட்டினி கிடந்தால் கட்டி வாடும் என்று சொல்வாருளர். கட்டி வாடுமுன் ஆள் வாடுவார். அன்பின் மிகுதியால் நாம் ஊட்டும் நீர்த்த கஞ்சியிலும் புரதம் மிகச் சொற்பம். ஐம்பது கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 50 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பதோ ஆறு கிராம். பருப்பு, தயிர், முட்டை, வேர்க்கடலை மாவு ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். வாயிலோ உணவுக்குழலிலோ நோய் கண்டு விழுங்க இயலாதார்க்குக் குழாய்வழி உணவு செலுத்தலாமென்று மருத்துவர் கூறின், அதனை இறுதிக்காலத்தின் அறிகுறியென்று அஞ்சி மறுத்துவிட வேண்டா. சிகிச்சை முடிந்து மீண்டும் விழுங்க முடிந்தபின் குழாயை எடுத்துவிடப் பெற்றோர் பலர்.

வாரம் ஒருமுறை, ஒரே கருவியில், காலை உணவுக்குமுன் எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். அடுத்தமுறை மருத்துவமனை செல்லுங்கால், அக்குறிப்பைக் காட்டி, உணவியல் வல்லுநரைக் காண வேண்டுமென்று நீங்களே கேளுங்கள்.